மொறிஸ் மைனரின் பெற்றோல் தாங்கியைக் கழற்றித் துப்புரவாக்குதல்

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி, பின்னர் நெடுங்காலம் கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனர் காரை மீண்டும் ஓட்ட விரும்புபவர், காபரேற்றரைத் தொடுவதற்கு முன் தாங்கியைக் கவனிக்க வேண்டும்.

வெறுமையான தாங்கியே நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. பெற்றோல் போன பின்னும் அதன் ஆவி உள்ளே நிற்கும்; வெளியேறினாலும் காற்றைவிடப் பாரமான அது நிலத்தோடு தவழ்ந்து சென்று, தொலைவில் எரியும் அடுப்பில்கூடப் பற்றிக்கொள்ளும். ஆகவே குழியுள்ள கராஜைத் தவிர்த்து, திறந்த வெளியில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு வேலை செய்யவும். பற்றரி இணைப்பை முதலிலேயே கழற்றிவிடவும்.

தாங்கி டிக்கியின் தளத்துக்குக் கீழே உள்ளது. அடியிலுள்ள மூடியைத் திறந்து, மிஞ்சிய எரிபொருளை உலோகக் கலனில் வடிக்கவும். எரிபொருள் குழாய், அளவுமானியின் வயர், பெற்றோல் ஊற்றும் குழாயின் இறப்பர் இணைப்பு ஆகியவற்றை விடுவித்த பின், பலகை வைத்த ஜக்கைத் தாங்கிக்கு அடியில் கொடுத்து, விளிம்பைச் சுற்றியுள்ள ஸ்குரூக்களைக் கழற்றவும். அவை துருவேறி இறுகியிருக்கும்; முந்திய நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தால் தலை முறியாமல் வரும். அளவுமானியையும் கழற்றி, அதன் மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்க்கவும். உள்ளே திரவம் அசைந்தால் அது ஓட்டை.

பெற்றோல் மணம் முற்றாக நீங்கும்வரை சவர்க்காரம் கரைத்த சுடுநீரால் பல தடவை கழுவவும். பிறகு சிறு சங்கிலி ஒன்றை உள்ளே விட்டு, தாங்கியை எல்லாப் பக்கமும் புரட்டிக் குலுக்கினால் துருச் செதில்கள் உதிரும். சிலர் நட்டுகளைப் போடுவார்கள். அவை உட்தடுப்புகளில் சிக்கிக்கொள்வதால் நான் சங்கிலியையே விரும்புகிறேன். எஞ்சிய துருவுக்கு, லீற்றருக்கு 50 கிராம் வீதம் சிற்றிக் அமிலம் கரைத்த நீரை விளிம்புவரை நிரப்பி, இடையிடையே பார்த்துக்கொண்டு, ஒரு நாளுக்கு மேற்படாமல் ஊறவிடவும். கழிவறை கழுவும் அமிலத்தைப் பயன்படுத்தாதீர்கள்; அது நல்ல தகட்டையும் அரித்துவிடும்.

பலர் பிழைவிடுவது இதற்குப் பின்னர்தான். சிற்றிக் அமில நீரை வெளியே ஊற்றியதும் சலவைச் சோடா கரைத்த நீரால் அலசி, தாமதமின்றிச் சூடான காற்றால் உலர்த்தி, மெல்லிய என்ஜின் எண்ணெயை உள்ளே உருட்டிப் பூச வேண்டும். ஈரமாக விட்டால் சில மணி நேரத்திலேயே செந்துரு மீண்டும் படரும். ஓட்டை இருந்தால் நீங்களாக வெல்டிங் செய்யாதீர்கள். கழுவிய தாங்கியும் வெடிக்கக்கூடும்.

புதிய கோக் (தக்கை) வொஷர், புதிய இறப்பர்க் குழாய் இட்டுப் பொருத்தி, சில லீற்றர் மட்டும் ஊற்றி ஒழுக்குப் பார்க்கவும். பற்றரியை மீண்டும் இணைத்துச் சாவியைத் திருப்பியதும், காபரேற்றருக்குப் பெற்றோல் அனுப்பும் எஸ்யூ மின்பம்ப் டிக் டிக்கென்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓய வேண்டும். ஓயாமல் அடித்தால், வெளியே ஒழுக்கில்லாதபோதும், தாங்கிக்கும் பம்புக்கும் இடையே எங்கோ காற்று புகுவதாக இருக்கலாம். அந்த இணைப்புகளை மறுபடி இறுக்கவும்.