மலாயாத் தோட்டத்துக் கதை எழுதப் போகிறீர்களா? சைக்கிளிலிருந்து தொடங்குங்கள்

மலாயாத் தோட்டத்தில் சரித்திரக் கதை எழுத ஆசைப்படும் தமிழ்நாட்டு நண்பர்களுக்காக, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து இந்தச் செய்முறை.

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். 'அந்தக் காலம்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. அரசு உதவியோடு தொழிலாளர்கள் இங்கு வருவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போய் ஆள் சேர்த்துவரும் கங்காணி உங்கள் கதையில் வரக்கூடாது. ஜப்பான்காரன் ஆட்சி என்றால் கடிகாரமே டோக்கியோ நேரம், ஒன்றரை மணி முன்னால். 1948 ஜூனில் எங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் வந்துவிட்டது.

அடுத்து, வழக்கங்களைத் தேடுவது. இதற்கு நான் நம்புவது புகார்களைத்தான். ஊரே ஏற்றுக்கொண்ட வழக்கத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. எதிர்ப்பு கிளம்பும்போதுதான் அது காகிதத்தில் ஏறுகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். துரை, கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்) முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பது அதில் ஒன்று. கள்ளுக்கடையை மூட வேண்டும், உறவினர் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பவையும் உண்டு. ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டால் ஒரு காட்சி கிடைக்கும். செம்மண் சடக்கில் (சாலையில்) கிராணி எதிரே வருகிறார், பையன் இறங்குகிறான். எவ்வளவு தூரத்தில் இறங்குவான்? மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிடுவானா? அவர் தலை மறைந்த பிறகு என்ன முணுமுணுப்பான்?

இதெல்லாம் கோரிக்கையில் இருக்காது. பெரியவர்களிடம்தான் போக வேண்டும். 1941 நேரடியாக நினைவிருக்கிறவர் இன்று தொண்ணூறைத் தொட்டிருப்பார். மற்றவர்கள் அம்மா சொன்னதைச் சொல்வார்கள், அதுவும் உதவும். "பழக்கவழக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "ஒத்துமையா இருந்தோம்பா" என்பதோடு முடிந்துவிடும். "பெரட்டுல உங்கம்மா யார் பக்கத்துல நிப்பாங்க பாட்டி?" என்று கேளுங்கள் (பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது). இரண்டு பாட்டிகளை ஒன்றாக உட்கார வைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் சண்டை போட ஆரம்பித்தால் நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

சரி, பேச்சு. பெரும்பாலும் கங்காணி தன் சொந்த ஊரிலிருந்தே ஆள் கூட்டிவந்தார். அதனால் உங்கள் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஆட்கள் சேலமா தஞ்சாவூரா என்று முடிவு செய்யாமல் ஒரு வரி வசனம்கூட எழுதாதீர்கள். கிராணி யாழ்ப்பாணத்தாராகவோ மலையாளியாகவோ இருந்தால் அவர் தமிழே வேறு. கப்பலில் வந்த அம்மாவும் இங்கே பிறந்த மகளும் ஒரே மாதிரி பேச மாட்டார்கள். மகள் வாயில் சடக்கு, பாசார் (சந்தை), காண்டா (பால் வாளி சுமக்கும் தோள்கம்பு) தானாக வரும். அம்மா திட்டும்போதும் ஒப்பாரி வைக்கும்போதும் ஊர்ப்பேச்சுதான் வரும் என்பது என் கணிப்பு. வரிக்கு வரி மலாய்ச் சொல் தூவினால் நாடக வேஷம் போலாகிவிடும். கூலியை வெள்ளி (டாலர்), காசு (சென்ட்) என்றே எழுதுங்கள்.

1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் படிக்கலாம். விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் தங்கம். ஆனால் அது எழுத்துத் தமிழ், அதை அப்படியே பாத்திரத்தின் வாயில் வைக்காதீர்கள்.

அப்புறம், ஒரு பக்க வசனம் எழுதியதும் பாட்டியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "தொரைகிட்ட எவன்டா இப்படிப் பேசுவான்?" என்று சிரித்தால், பின்னே எப்படிப் பேசுவான் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.