ஒரு பில்லை முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மளிகைக்கடை ஒன்றுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அலமாரியில் காட்டும் விலை 109 வெள்ளி. அதில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, ஆக வரி 9 வெள்ளி. அவசரத்தில் 109க்கே 9 விழுக்காடு போட்டுவிட்டால் 9.81 வெள்ளி என்று வரும்.

“விலையில் வரி சேர்ந்ததாண்ணே?” என்று முதல் நாளே கேட்டால் ஒரு நிமிட வேலை. கடை மூன்று மாதம் ஓடிய பிறகு தெரிந்தால்? நிரலில் ஓர் இடத்தை மாற்றுவது அப்போதும் சுலபம்தான். ஆனால் பழைய பில்கள், கணக்கேடு, வரித்துறைக்கு அனுப்பிய படிவம் எல்லாமே தவறாகியிருக்கும். தொகை பெரிதென்றால் திருத்தத்துக்கு எஃப்7 என்ற ஜிஎஸ்டி படிவம் வேறு அனுப்ப வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான்.

பெரிய மென்பொருளில், ஒரு பிழையை ஒப்படைத்த பிறகு திருத்தினால், தொடக்கத்தில் திட்டமிடும்போதே திருத்துவதைவிடப் பெரும்பாலும் 100 மடங்கு செலவாகும் என்று மென்பொருள் ஆய்வாளர்கள் பேரி போம், விக்டர் பசிலி இருவரும் 2001இல் எழுதினார்கள். சிறியதில் 5 மடங்குதான் என்றும் அவர்களே சொன்னார்கள். அதனால் எல்லாரையும் 100 என்று பயமுறுத்த வேண்டாம்.

நிரல் எழுதுமுன் உண்மையான பில் ஒன்றைக் கையால் கணக்கிட்டுக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அதே எண்களைத் தானியங்கிச் சோதனையாக, அதாவது நிரல் சரியான விடை தருகிறதா என்று தானாகவே சரிபார்க்கும் சோதனையாக, வையுங்கள். அப்புறம், வரி விகிதத்தைத் தேதியோடு தனியாகச் சேமியுங்கள்: 2023 ஜனவரி 1இல் 7 விழுக்காடு 8 ஆனது, 2024 ஜனவரி 1இல் 9 ஆனது.