ஊஞ்சல் காலடியில் தேடுவது எப்படி? பூங்கா இரும்புக்குப் பக்கத்தில் மெட்டல் டிடெக்டர்

பூங்காவில் சில்லறை அதிகம் விழுவது ஊஞ்சலுக்குக் கீழேயும், பிள்ளைகள் தலைகீழாகத் தொங்கும் கம்பிகளுக்கு அடியிலும், பெஞ்சைச் சுற்றியும்தான். ஆனால் புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் முதலில் கைவிடுவதும் இந்த இடங்களைத்தான். கிட்டே போனாலே கருவி அலறுகிறது, வெறுத்துப்போய்த் திறந்த புல்வெளிக்குப் போய்விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். ஊஞ்சல் காலிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடக்கும் நாணயத்தைக்கூட எடுக்க முடியும். கையை வீசும் திசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

பூங்காவை நிர்வகிப்பவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அது இல்லாமல் கருவியை எடுக்காதீர்கள்.

அலறல் எங்கிருந்து வருகிறது

கருவியின் அடியில், தரையை ஒட்டி வீசும் வட்டத் தட்டுக்குக் காயில் (கம்பிச்சுருள்) என்று பெயர். அது ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் பட்ட உலோகத்தில் சின்ன மின்னோட்டம் சுழல்கிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் புலத்தைத்தான் கருவி கேட்கிறது. நாணயத்தின் பதில் முணுமுணுப்பு என்றால், இரும்புத் தூணின் பதில் கூச்சல். கூச்சலில் முணுமுணுப்பு அமுங்கிவிடுகிறது.

இந்தச் சிக்கல் இன்று வந்ததல்ல. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த தோட்டாவைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தூண்டல் முறையில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். தோட்டா அகப்படவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தையில் எஃகுக் கம்பிகள் இருந்தது பெல்லுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மருத்துவர் தேடவிட்ட பக்கமும் தவறானது. அன்று மெத்தைக் கம்பி செய்த வேலையைத்தான் இன்று உங்களுக்கு ஊஞ்சல் சட்டம் செய்கிறது.

படி 1: தள்ளி நின்று தயாராகுங்கள்

தூணிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, உலோகம் இல்லாத தரையில் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணின் சொந்த ஒலியைக் கருவி கணக்கில் எடுக்காதபடி சரிசெய்யுங்கள். இரும்புக்குப் பக்கத்தில் செய்தால் அளவு தவறிவிடும். முனையில் எஃகு வைத்த பூட்ஸ் வேண்டாம். மண்வெட்டியையும் காயிலுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

படி 2: சின்னக் காயில்

கருவியோடு வரும் காயில் பெரும்பாலும் 10, 11 அங்குலம் இருக்கும். இங்கே 5 அல்லது 6 அங்குலக் காயில்தான் சரி. ஆழம் குறையும், பரவாயில்லை. விளையாட்டுத் திடலில் விழுந்த காசு பொதுவாக மேலேயே கிடக்கும்.

படி 3: சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறன் அளவை) நாணயம் வைத்துக் கண்டுபிடியுங்கள்

எல்லாக் கருவிக்கும் பொருந்தும் எண் என்று எதுவும் கிடையாது. தூணிலிருந்து 2 மீட்டரில் ஒரு நாணயத்தைத் தரையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு 1 மீட்டர், அரை மீட்டர், ஒரு சாண். ஒலி எங்கே குழம்புகிறதோ அங்கே நின்று, தெளிவாகும் வரை சென்சிடிவிட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. நான் புது இடத்துக்குப் போனால் இதைச் செய்யாமல் தொடங்குவதே இல்லை.

படி 4: இரும்பை நோக்கி வீசாதீர்கள், அதன் கூடவே வீசுங்கள்

நம் கருவிகளில் பெரும்பாலானவை மாற்றத்தைத்தான் கேட்கின்றன. காயில் ஓர் இரும்பு வேலியை நெருங்கி விலகினால் ஒவ்வொரு வீச்சிலும் மாற்றம் உண்டு, அதனால் ஒவ்வொரு வீச்சிலும் அலறும். வேலியைப் பார்த்து நின்று, இடமும் வலமுமாக, வேலிக்கு இணையாக வீசிப் பாருங்கள். தூரம் மாறாததால் வேலியின் ஒலி பின்னால் போய்விடும். நடுவில் நாணயம் வந்தால் அது மட்டும் துள்ளிக் கேட்கும். ஒரு வீச்சு முடிந்ததும் இரண்டு விரல் அளவு முன்னே தள்ளி அடுத்த வீச்சு. ஒற்றைத் தூண் என்றால் அதைச் சுற்றி வட்டமாக, தூரம் மாறாமல் நகருங்கள்.

வீச்சின் முடிவில் கை தானாக மேலே எழும்பும், கவனமாக இருங்கள். பெஞ்சுக்கு அடியில் இன்னும் கவனம் தேவை. காயிலின் புலம் கீழே போவது போலவே மேலேயும் போகிறது, தலைக்கு மேல் இருக்கும் இரும்பு இருக்கையையும் அது கேட்கும். அங்கே காயிலைத் தரையோடு ஒட்டிப் பிடியுங்கள்.

சந்தேகமான ஒலி வந்தால் காயிலை 5 செ.மீ. உயர்த்துங்கள். சின்னப் பொருளின் ஒலி சட்டென்று மெலிந்துவிடும். வேலியின் ஒலி அவ்வளவு மாறாது.

படி 5: இரும்பை முழுசாக வடிகட்டாதீர்கள்

டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தின் ஒலியை வடிகட்டும் அமைப்பை) ஏற்றி இரும்பை ஒதுக்கினால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் கருவி ஊமையாகிவிடும், அந்த மௌனத்தில் பக்கத்து நாணயமும் மறைந்துபோகும். குறைவாகவே வையுங்கள். பல கருவிகளில் இரும்புக்குக் கனத்த ஒலியும் நாணயத்துக்கு மெல்லிய உச்ச ஒலியும் உண்டு. இரண்டும் கேட்கட்டும், உங்கள் காது பிரித்துவிடும்.

படி 6: இடம் குறித்துத் தோண்டுதல்

பொருள் கிடக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயிண்ட் பொத்தானைத் தூணுக்குப் பக்கத்தில் அழுத்தினால் விடாமல் ஒலிக்கலாம். பொருளுக்குச் சற்றுத் தள்ளி, ஆனால் தூணிலிருந்து அதே தூரத்தில், காயிலை அசையாமல் பிடித்து அழுத்துங்கள். பல கருவிகள் அந்த நிலையையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். குழிக்குள் தேடக் கையில் பிடிக்கும் சின்னக் கருவியான பின்பாயிண்டருக்கும் சென்சிடிவிட்டி குறைப்பு இருந்தால் பயன்படுத்துங்கள்.

தூணின் அடியில் கான்கிரீட் இருக்கும், அதற்குள் கம்பியும் இருக்கலாம். கான்கிரீட் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். விளக்குக் கம்பத்தின் அருகே தோண்டவே வேண்டாம், கீழே மின்கேபிள் ஓடும். ரப்பர் தளத்தை எந்தக் காரணத்துக்காகவும் கிழிக்காதீர்கள்.

பொருளை எடுத்ததும் குழியை இன்னொரு தடவை சோதியுங்கள், ஊஞ்சலுக்குக் கீழே ஒன்றோடு இன்னொன்றும் கிடப்பது உண்டு. அப்புறம் மண்ணையும் புல்லையும் எடுத்தபடியே வைத்து மிதித்து விடுங்கள். ஆணியோ கண்ணாடிச் சில்லோ வந்தால் திரும்பப் போட்டுவிடாமல் பையில் எடுத்துப் போங்கள். அங்கே வெறுங்காலோடு ஓடுவது குழந்தைகள்.