மனநலக் கவுன்சலரைத் தேர்ந்தெடுக்கும் முன் என்ன கேட்பது?

தனியாகத் தொழில் நடத்தும் கவுன்சலரின் அறிமுகத்தைப் படிக்கும்போது "அன்பான, பாதுகாப்பான சூழல்" என்கிற வரியை முதலில் தாண்டிவிடுங்கள், அதை எல்லாரும்தான் எழுதுகிறார்கள். என்ன படித்தார், மேற்பார்வையில் எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார், இதைத்தான் தேட வேண்டும். இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழும் பல வருடப் படிப்பும் சுவரில் ஒரே மாதிரிதான் தொங்கும்.

அப்புறம் அணுகுமுறை. 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) வழியில் வேலை செய்பவர் என்றால், தானாக ஓடும் எண்ணங்களை எழுதி வரச் சொல்வார், வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும். பேச வருபவரையே மையமாக வைத்த உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் வந்தவர் அறிவுரை தருவது குறைவு, நீங்கள் சொல்வதை நிறையக் காதுகொடுத்துக் கேட்பார், உடனே தீர்வு வேண்டும் என்று போகிறவர்களுக்கு முதலில் எரிச்சலாகக்கூட இருக்கும். "எல்லாம் கலந்து செய்வேன்" என்றால் சரி, ஆனால் என் பிரச்சினைக்கு எதை, ஏன் என்று கேளுங்கள். பதில் குழப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

முதல் அழைப்பிலேயே கட்டணம், ரத்து செய்தால் என்ன ஆகும், சந்திப்பு எவ்வளவு நேரம் (பெரும்பாலும் 50 நிமிடம்) என்று கேட்டுவிடலாம். ரகசியத்துக்கும் எல்லை உண்டு, உயிருக்கு ஆபத்து என்றால் அவர் வெளியே சொல்ல வேண்டி வரலாம். அதைத் தானாக விளக்குபவர் மேல் எனக்கு நம்பிக்கை கூடும்.

மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையா? அதை அவரிடமே சொல்லுங்கள். நல்லவர் கோபப்படாமல் வேறொருவரைப் பரிந்துரைப்பார்.