முதலில் ஓடாத மோட்டார் செய்வோம்

விடுமுறை நாள்களில் பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவியல் சொல்லித்தர விரும்புகிறவர்கள் ஒரு சிறிய மின்மோட்டாரில் தொடங்கலாம். பத்து வயதுப் பிள்ளையே செய்துவிடும். ஆனால் முதலில் அது ஓடாதபடியே செய்யட்டும். பாடம் அங்கேதான் இருக்கிறது.

தேவையானவை: 1.5 வோல்ட் பெரிய டார்ச் பேட்டரி (ரீசார்ஜ் செய்யும் வகை வேண்டாம்), எனாமல் பூசிய செம்புக் கம்பி ஒரு மீட்டர், பெரிய ஊக்கு இரண்டு, வட்டக் காந்தம், ரப்பர் பேண்ட், உப்புத்தாள், நகப்பூச்சு.

படி 1: தடித்த மார்க்கர் பேனாவின் மேல் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி உருவி எடுங்கள். இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் நேராக நீட்டிவிடுங்கள். அவைதான் அச்சு, கோணினால் சுருள் சுற்றாது.

படி 2: இரு முனைகளிலும் எனாமலை முழுவதும் தேயுங்கள்.

படி 3: பேட்டரியின் இரு முனைகளிலும் ஊக்குகளை, அவற்றின் வளையம் மேலே இருக்குமாறு ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். பேட்டரியின் முதுகில் காந்தம். வளையங்களுக்குள் சுருளின் முனைகளை நுழையுங்கள்.

சுருள் துள்ளும், முன்னும் பின்னும் ஆடும், பெரும்பாலும் நின்றுவிடும். நீங்கள் கை வைக்காதீர்கள். சுருளை விரலால் மெல்லத் திருப்பி, எந்த நிலையில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். பாதிச் சுற்றில் முன்னே தள்ளும் விசை, மறுபாதியில் பின்னே இழுக்கிறது. இதைக் கண்டுகொண்ட பிள்ளை அடுத்த கேள்வியைத் தானே கேட்கும்: அந்த மறுபாதியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால்?

படி 4: சுருளைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு முனையின் மேல்பாதியில் மட்டும் நகப்பூச்சு தடவி நன்றாக உலரவிடுங்கள். மீண்டும் பொருத்தி, லேசாகத் தட்டிவிடுங்கள். பாதிச் சுற்றுக்குத் தள்ளல் கிடைக்கும். மீதியைச் சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடும். பொம்மைக் கார் மோட்டாரில் மின்சாரம் நிற்பதில்லை, திசை மாறுகிறது. அச்சோடு சேர்ந்து சுழலும், துண்டுகளாகப் பிளந்த உலோக வளையம் (பிளவு வளையம்) அதைச் செய்கிறது. பழைய மோட்டார் ஒன்று கிடைத்தால் பிரித்துக் காட்டுங்கள்.

ஓடத் தொடங்கியதும் காந்தத்தைப் புரட்டி வைக்கச் சொல்லுங்கள். சுருள் எதிர்த்திசையில் ஓடும்.

சுருள் நின்றிருக்கும்போது இணைப்பை விட்டுவைக்க வேண்டாம். கம்பியும் பேட்டரியும் சூடேறும். வீட்டு மின்சாரத்தில் இதை ஒருபோதும் இணைக்கக் கூடாது. அசைவே இல்லையென்றால் எனாமல் சரியாகத் தேய்ந்திருக்காது: செம்பு பளபளக்கும்வரை மறுபடி தேயுங்கள்.