டிஸ்ப்ளேசர் பீஸ்ட்: புதிய ஆட்ட நடத்துநர்கள் சறுக்கும் இடங்கள்

சில மாதங்களாகப் புதியவர்கள் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை ஆட்டங்களை ஓரமாக உட்கார்ந்து பார்த்து வருகிறேன். டிஸ்ப்ளேசர் பீஸ்ட் மேசைக்கு வந்ததும், முன்பு நான் செய்த கோளாறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். கருஞ்சிறுத்தையின் உடல், ஆறு கால்கள், தோளிலிருந்து கிளம்பும் முள் பதித்த இரண்டு உணர்கரங்கள் என 1975 முதல் இந்த ஆட்டத்தில் உலவிவரும் விலங்கு இது. ஐந்தாம் பதிப்பின் கதைப்படி, ஃபேவைல்ட் என்னும் தேவதை உலகின் அன்சீலி அரசவை இதைப் பிடித்து, மூர்க்கம் கூடும்படி தேர்ந்தெடுத்து இனம்பெருக்கி, வேட்டைக்குப் பழக்கியது. நான் சொல்பவை 2014 விதிகளின்படியானவை.

மாயை கலைவதை மறப்பது

இந்த விலங்கு, தான் நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நிற்பதாகத் தோன்றும். எனவே இதைத் தாக்குபவர் டிஸ்அட்வான்டேஜுடன், அதாவது இருபது முகப் பகடைகள் இரண்டை உருட்டிச் சிறிய எண்ணை எடுத்துக்கொண்டு, தாக்க வேண்டும். இதுவரை எல்லோரும் படித்துவிடுகிறார்கள். ஒரு தாக்குதல் பட்டுவிட்டால், விலங்கின் அடுத்த முறை முடியும்வரை மாயை வேலை செய்யாது என்ற அடுத்த வரிதான் யார் கண்ணிலும் படுவதில்லை.

என் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் நிலை வீரர்கள் நால்வருக்கு எதிராக, மாயையை ஒருமுறைகூடக் கலைக்காமல் ஒரு மாலை முழுவதும் சண்டையை இழுத்தேன். விலங்கின் கவச எண், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 13. தாக்குபவர் பகடை எண்ணோடு சேர்க்கும் கூட்டெண் 5 என்றால் சாதாரணமாக நூற்றுக்கு 65 அடிகள் படும், டிஸ்அட்வான்டேஜில் ஏறத்தாழ 42 மட்டுமே படும். அதற்கோ 85 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளிகள். இதைவிடக் கொடுமை, டிஸ்அட்வான்டேஜ் இருக்கும்வரை, பதுங்கித் தாக்கும் ரோக் பாத்திரத்தால், கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் செய்யவே முடியாது என்பதுதான். ரோக்காக ஆடிய நண்பர் மூன்றாம் சுற்றுக்குப் பின் தம் பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போடத் தொடங்கினார். களைப்பு என்று நினைத்துக்கொண்டு நான் மேலே நடத்தினேன். மறுநாள் விதியை மீண்டும் படித்தபோதுதான், போர்வீரப் பாத்திரமான ஃபைட்டர் முதல் அடியில் மாயையைக் கலைக்க, அவர் விலங்கின் அருகில் நிற்பதைப் பயன்படுத்தி ரோக் பின்னாலிருந்து குத்த, இந்த விலங்கை வீழ்த்தும் வழியே அந்த வரிசைதான் என்பது உறைத்தது. அந்த வழியை நானே அடைத்து வைத்திருந்தேன். போன வாரம் ஒரு புதியவர் இதையே செய்தபோது வாயைப் பொத்திக்கொண்டிருக்கப் பெரும்பாடு பட்டேன்.

இப்போதெல்லாம் விலங்கின் உருவத்தருகே ஒரு நாணயம் வைத்திருக்கிறேன். அடி பட்டதும் அதைக் கவிழ்த்து, "இரண்டாகத் தெரிந்த உருவம் ஒன்றில் ஒடுங்கியது" என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன். விலங்கின் முறை முடிந்ததும் நாணயம் மீண்டும் நிமிரும்.

கட்டிப்பிடிப்பதைத் தடுப்பது

"அது எங்கே நிற்கிறது என்றே தெரியாதே, எப்படிப் பிடிப்பீர்கள்?" என்று கேட்டு மறுக்காதீர்கள். பிடிப்பவரின் வலிமைச் சோதனையும், அதை எதிர்த்து விலங்கு செய்யும் வலிமை அல்லது சுறுசுறுப்புச் சோதனையும் மோதும் போட்டி அது, தாக்குதல் வீச்சன்று. ஆகவே மாயை அதற்குக் குறுக்கே வராது. பிடிபட்டு விலங்கின் வேகம் பூஜ்யமானால் மாயை தானே நின்றுவிடும் என்பதும் விதியிலேயே இருக்கிறது.

ஒட்டி நிறுத்துவது

உணர்கரங்கள் 10 அடி எட்டும், வாளோ 5 அடிதான். எட்ட நின்று அடித்துவிட்டு விலக வேண்டிய விலங்கைப் பலர் வாள்முனையிலேயே கட்டிப்போடுகிறார்கள்.

ஃபயர்பால்

இந்தத் தீ மந்திரத்தின் சேதத்தை வழக்கம்போல் கணக்கிடாதீர்கள்: தப்புச்சோதனையில், அதாவது விலகித் தப்ப உருட்டும் பகடையில், விலங்கு வென்றால் அதற்குச் சேதமே இல்லை, தோற்றாலும் பாதிதான்.

குட்டியைப் பரிசளிப்பது

வேண்டாம். நான் ஒருமுறை கொடுத்தேன்; அடுத்த ஆறு அமர்வுகளும் அதன் தீனியைப் பற்றியே நடந்தன.