வீடு மாறும் கோடையில் பிள்ளைகளோடு வெளியே போய்வருவது எப்படி

வேலை மாற்றல் உறுதியானதும் வீட்டில் முதலில் கிளம்பிய பேச்சு, "அப்போ இந்த லீவுக்கு எங்கேயும் போக முடியாது" என்பதுதான். மாற்றல் என் மனைவிக்கு. வீட்டைக் காலி செய்யும் வேலையில் பெரும்பங்கு எனக்கு. பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்றரை. நான் ஒரு சாமானைப் பெட்டிக்குள் வைத்தால் அவன் இரண்டை வெளியே எடுப்பான். இந்தக் கணக்கில், நாள் முழுக்க வீட்டிலேயே அடைந்து கிடந்தாலும் வேலை நகராது.

அதனால் வெளியே போவதை நிறுத்தாதீர்கள். வீடு மாற்றும் வேலையோடு அதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மாற்றலுக்கான ஏதாவது ஒரு வேலை அந்தப் போக்கிலேயே முடிந்துவிட வேண்டும். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழிகளைச் சொல்கிறேன்.

அரை நாள் போதும்

கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை புற ஊதாக் கதிர்களின் கடுமை அதிகம். அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டுக் காலையை வெளியே போக வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு நிழலைக் காட்டலாம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். "இன்னும் பத்து நிமிஷம் அப்பா" என்ற பேரம் என்னிடம் நடக்கும், நிழலிடம் நடக்காது.

ஓடி விளையாடிவிட்டு வரும் பிள்ளைகள் சாப்பிட்டதும் தூங்கிவிடுவார்கள். பேக்கிங்குக்கு உண்மையில் கிடைக்கிற நேரம் அதுதான். ஆனால் பேக்கிங் டேப்பைச் சர்ரென்று இழுக்கும் சத்தத்துக்கு எழாத குழந்தை கிடையாது. ஆகவே தூக்க நேரத்தில் சத்தமில்லாத வேலை மட்டும்: துணி மடிப்பது, காகிதங்களைப் பிரிப்பது, கண்ணாடிச் சாமானைத் துண்டில் சுற்றுவது. டேப் ஒட்டுவதை மாலைக்குத் தள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை டேப்பின் ஓரத்தை உள்ளங்கையால் தேய்த்துத் தருவதைப் பெரிய உத்தியோகமாகச் செய்யும். புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் போடுங்கள். பெரிய பெட்டியில் அடுக்கினால் தூக்க முடியாது, அடியும் பிய்ந்துவிடும். பெரிய பெட்டி தலையணைக்கும் போர்வைக்கும்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 30 என்பது தோலைச் சுட்டெரிக்கும் யூவிபி வகைப் புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்பது 98. பெரிய வித்தியாசமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரில் நனைந்த பிறகும் திரும்பப் பூசுவதுதான் முக்கியம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிழலும் முழுக்கைச் சட்டையும்தான் பாதுகாப்பு.

இன்னொன்று. வீடு மாறும் நாட்களில் வழியில் ஒரு அலுவலகம், ஒரு கடை என்று இறங்கி ஏற வேண்டியிருக்கும். தூங்குகிற குழந்தையைக் காரிலேயே விட்டுவிட்டு "இதோ ரெண்டு நிமிஷம்" என்று போய்விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய பலன் இல்லை.

ஒரே ஒரு பை

முதல்முறை வெளியே போகும்போதே ஒரு பையை ஒதுக்குங்கள். மாற்றுத்துணி, டயப்பர், ஈரத்துடைப்பான், தண்ணீர், தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, சார்ஜர், ஈரத்துணி போட ஒரு கவர் என்று வழக்கமானவை. பையின் பக்கவாட்டு அறையில் ஒரு காகிதமும் பென்சிலும் வையுங்கள். வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றும் முன்பே அதில் மூன்று விஷயம் குறிக்க வேண்டும்: எதைப் பயன்படுத்தினோம், எதைத் தேடினோம், எது சும்மா கூட வந்தது.

எங்கள் காகிதத்தில் சும்மா வந்தவற்றின் பட்டியல்தான் நீளம். இரண்டாவது ஜோடிக் காலணி, அட்டை விளையாட்டு, கூடுதலாக ஒரு தொப்பி. தேடியவை எல்லாம் சில்லறைச் சாமான்: சின்ன ஸ்பூன், நகவெட்டி, ஒரு முழம் கயிறு, கத்தரிக்கோல். சின்னவன் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் பழைய துண்டு மட்டும் எப்போதும் முதல் வரியில் இருந்தது.

இப்படி நாலைந்து முறை திருத்தினால் உங்கள் குடும்பம் ஒரு நாளை ஓட்ட என்னென்ன வேண்டும் என்பது கைக்கு வந்துவிடும். புது வீட்டில் முதல் ராத்திரிக்கு வேண்டியதும் அதேதான். சாமான் லாரி தாமதமானாலும் கவலை இல்லை. பொதுவாகக் கிடைக்கிற "முதல் நாள் பெட்டி" பட்டியல்களில் கெட்டில் இருக்கும், திருப்புளி இருக்கும், உங்கள் பிள்ளையின் துண்டு இருக்காது.

கடைசி வாரத்தில் காகிதங்களையும் இந்தப் பைக்கு மாற்றுங்கள்: பணி ஆணை, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, மருத்துவர் எழுதித் தந்த சீட்டுகள். பை உங்கள் தோளிலேயே வரட்டும், லாரியில் ஏற்ற வேண்டாம். விமானத்தில் போவதானால் கத்தரிக்கோலை செக்-இன் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். பவர் பேங்க் அதற்கு நேர் எதிர், கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணிவரை (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) தனி அனுமதி தேவையில்லை. வழக்கமான 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான் வரும்.

எங்கே போவது

"ஊரை விட்டுப் போகிறோம், இன்னும் இதைப் பார்க்கவில்லையே" என்று நினைத்துத் தூரத்து இடங்களாகப் பட்டியல் போடுகிற ஆசை பெரியவர்களுடையது. பிள்ளைகளுக்கு அந்த ஆசை கிடையாது. அவர்கள் விடைபெற வேண்டிய இடங்கள் எல்லாம் தினம் போகிற இடங்கள்: தெருமுனைப் பூங்கா, நூலகம், வாத்துகள் நீந்துகிற குளம். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்கள். செலவும் குறைவு, திட்டமிடவும் எதுவும் இல்லை. ஒரே ஒரு பெரிய பயணத்தை மட்டும் பெரியவர்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதையும் லீவின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள்.

பூங்காவில் பெரியவள் கேட்டாள், "அப்பா, சறுக்குமரம் நம்மகூட வருமா?" வராது என்று சொன்னேன். "அப்போ யார் அதைப் பார்த்துப்பா?" இந்த மாதிரிக் கேள்விக்குச் சமாதானம் சொல்வதைவிட நேராகப் பதில் சொல்வது நல்லது. இங்கே இருக்கிற பிள்ளைகள் விளையாடுவார்கள், அங்கே வேறொரு சறுக்குமரம் இருக்கும், அது எப்படி இருக்கும் என்று நமக்கு இன்னும் தெரியாது. புது ஊரைப் பற்றிப் பெரிதாக வாக்குக் கொடுக்காதீர்கள். போன பிறகு அந்த வாக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார்கள்.

"இன்னும் மூன்று வாரம்" என்பதும் ஐந்து வயதுக்குப் பிடிபடாது. நாளுக்கு ஒரு வளையமாகக் காகிதச் சங்கிலி செய்து தொங்கவிடுங்கள். தினம் ஒன்றைக் கிழிக்கட்டும். வெளியே போகிற நாட்களுக்கு வேறு நிற வளையம். எதற்குப் பிறகு எது என்பது அவர்களுக்குக் கண்ணால் தெரியும்.

போட்டோ எடுப்பதிலும் ஒரு யோசனை. குடும்பமாக நின்று சிரிக்கிற படம் எப்படியும் எடுப்பீர்கள். பிள்ளையிடம் போனைக் கொடுத்து, அது எடுக்க நினைப்பதை எடுக்கவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது கதவுத் தாழ்ப்பாள், எறும்புப் புற்று, பக்கத்து வீட்டுப் பூனையின் வால். எல்லாமே முழங்கால் உயரத்தில்.

ஒருவர் வெளியே, ஒருவர் வீட்டில்

உடையும் சாமான், கத்தி, துளைபோடும் மிஷின், கட்டிலைக் கழற்றுவது ஆகியவற்றைப் பிள்ளைகள் இல்லாதபோதுதான் செய்ய வேண்டும். அந்த நாட்களில் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிப்போகட்டும். ஆனால் யார் என்பதை மாற்றி மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் வேலை மாறுகிறவர் பழைய அலுவலகத்தில் பொறுப்பை ஒப்படைக்கிற அவசரத்தில் எந்தக் காலையிலும் பிள்ளைகளோடு இருக்கமாட்டார். என் மனைவி பூங்காவில் இருக்கும்போது போன் பையிலேயே இருக்கும் என்று பேசிவைத்துக்கொண்டோம். வீட்டு உரிமையாளர், சாமான் ஏற்றுகிறவர்கள், புது அலுவலகம் எல்லோருக்கும் பேச மாலையில் ஒரு மணி நேரம்.

முடிந்தால் புது ஊருக்கும் ஒருமுறை பிள்ளைகளோடு போய்வாருங்கள். வீடு பார்த்து முடித்ததும் அங்கிருந்து பள்ளிக்கு, பள்ளி தொடங்குகிற நேரத்திலேயே நடந்து பாருங்கள். வரைபடம் காட்டுகிற தூரம் வேறு, சின்னக் கால்களுக்கு ஆகிற நேரம் வேறு. மருந்துக்கடையும் விளையாட்டு இடமும் எங்கே என்று பார்த்தால் போதும். சுற்றுலா இடங்களுக்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது.

கூடாரம், சைக்கிள், கிளிஞ்சல்

வெளியே போகப் பயன்படுத்துகிற சாமான்களைக் கடைசியில் கட்டுவீர்கள், அப்போது அவை ஈரமாகவோ மண்ணோடோ இருக்கும். கூடாரத்தை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், ஒரு வெயிலில் காயப் போடுங்கள். நாடு விட்டு நாடு போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் காலணி, கூடாரம், சைக்கிள் ஆகியவற்றில் ஒட்டிய மண்ணைக்கூடப் பார்ப்பார்கள். பிள்ளைகள் சேர்த்த கிளிஞ்சல், விதை, காய்ந்த இலை எல்லாவற்றையும் அங்கே இறங்கும்போது அதிகாரிகளிடம் அறிவித்தாக வேண்டும். பேசாமல் எல்லாவற்றையும் ஒரு விரிப்பில் பரப்பிப் படமெடுத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவது சுலபம். சமையலுக்குக் கொண்டுபோன கேஸ் குப்பியில் மிச்சமிருந்தால் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற முடியாது. கடைசிப் பயணத்தில் தீர்த்துவிடுங்கள், அல்லது உபயோகிக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சைக்கிளில் பெடலைக் கழற்றினால் இடம் மிச்சம். இடது பெடலின் மரை தலைகீழானது. வலதைத் திருகுவதுபோல் இடதையும் திருகினால் கழலாது, இன்னும் இறுகும். ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கிற மாதிரி மாட்டி, பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலுக்கும் இது சரிவரும். பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும், சில பெடல்களுக்கு ஆலன் சாவி (அறுகோண முனையுள்ள சாவி). கழற்றியவற்றை ஒரு துணிப்பையில் போட்டு சைக்கிள் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள்.

கடைசிக் குளியலின் தேதி

நீச்சல், கடல், அருவி என்று தண்ணீரில் இறங்குகிற கடைசி நாளை வாஷிங் மெஷின்தான் முடிவு செய்யும். அதைக் கழற்றுவதற்கு இரண்டு நாள் முன்பாவது அந்தப் பயணம் முடிந்திருந்தால்தான் துண்டுகளைத் துவைத்துக் காயவைக்க நேரம் இருக்கும். முன்பக்கக் கதவு உள்ள மிஷினாக இருந்தால் டிரம் ஆடாமலிருக்க வாங்கியபோது வந்த போல்ட்டுகளைத் தேடி மாட்டுங்கள். அடியில் ஃபில்டர் பக்கம் தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, கதவைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள். படுக்கவைத்து வந்திருந்தால், போய்ச் சேர்ந்ததும் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும்.

பிள்ளைகளின் அறையைக் கடைசியில் கட்டுங்கள், அங்கே போனதும் முதலில் பிரியுங்கள். மற்ற பெட்டிகள் எல்லாம் பிரித்து முடியட்டும் என்று காத்திருந்தால் வெளியே கிளம்புவது அடுத்த கோடைக்குப் போய்விடும். மறுநாள் காலையிலேயே கிளம்பி, புதுச் சறுக்குமரத்தைத் தேடிப் போங்கள். மதியம் பிள்ளைகள் தூங்கும்போது பிரித்துக்கொள்ளலாம். கட்டும்போது இருந்த டேப் சட்டம் பிரிக்கும்போதும் உண்டு. பிய்க்கிற சத்தம் இன்னும் மோசம், அதனால் தூக்க நேரத்துக்கென்று நாலைந்து பெட்டிகளைக் காலையிலேயே திறந்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.